படிக்காமல் போடும் கையெழுத்து

அரசியல் ஈடுபாடு என்றதும் கட்சிக் கொடியும் மேடையும் மறியலும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொரு கிராமத்தாரும் ஏற்கெனவே ஓர் அவையின் உறுப்பினர் என்பது மறந்துபோகிறது. 1992இல் நிறைவேறிய 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு அந்த இடத்தைத் தந்தது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் அது கூடுகிறது. அண்மைக் காலத்தில் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்தன. ஊராட்சியின் வரவு செலவை அங்கே யாரும் கேட்கலாம்.

கூட்டம் செல்லுபடியாக ஆள் வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர்; 3,000 வரை என்றால் 100 பேர். வருகை குறையும் ஊர்களில் தீர்மானப் பதிவேடு மக்களைத் தேடிப் போகிறது. வேலை நடக்கும் இடத்துக்கு வரும், வீட்டு வாசலுக்கும் வரும். "ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர் குறைவு. சில நேரம் மேலே எதுவுமே எழுதியிருக்காது.

இப்படிக் கையெழுத்திடுவது தவறா? தவறுதான். வெட்டாத வாய்க்காலை வெட்டியதாகப் பின்னால் எழுதினாலும் அந்தக் கையெழுத்து அதற்குச் சாட்சியாகிவிடும். ஆனால் அந்தத் தவறை எல்லோர் தலையிலும் ஒரே அளவாகச் சுமத்துவது நியாயமில்லை. நூறு நாள் வேலையை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண் மறுத்தால், அடுத்த முறை தனக்கு வேலை வராதோ என்று அஞ்சுகிறாள். அவள் அச்சத்துக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. மதுரை மாவட்டத்தின் மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்வான தலித் தலைவர் முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் தலித் தலைவர் ஒருவர் தேர்வாகிப் பதவியில் நீடிக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தகைய மண்ணில் துணிந்து கேள் என்று ஏழையிடம் உபதேசிப்பது எளிது. கேட்டபின் அவர் பக்கம் நிற்க யார் இருக்கிறார்கள்?

ஓய்வூதியம் வாங்குபவர், ஆசிரியர், கடைக்காரர், சொந்த நிலம் உள்ளவர் ஆகியோரிடம்தான் துணிந்து கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். கேள்வி கேட்பதால் இவர்கள் வீட்டு அடுப்பு அணைந்துவிடாது. இருந்தும், ஊர் வம்பு நமக்கெதற்கு என்று விடுமுறை நாளில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அச்சத்தால் கையெழுத்திட்டவரைவிட, அச்சமில்லாமலே வராமல் போனவரின் பிழைதான் பெரிது.

தீர்மானம் போட்டு என்ன ஆகப்போகிறது என்பார்கள். கிடப்பில் போடப்பட்ட தீர்மானங்கள் ஏராளம் என்பது உண்மைதான். ஆனால் ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே கூடிப் பேச வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 ஊர்களின் சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. பெரும் நிறுவனத்தின் சுரங்கத் திட்டம் அங்கே நின்றது. அந்தச் சபைகளில் பேசியவர்கள் டோங்ரியா கோந்த் உள்ளிட்ட மலைமக்கள். செல்வாக்கோ பட்டமோ உள்ளவர்கள் அல்லர்.

செய்ய வேண்டியவை பெரிய தியாகங்கள் அல்ல. தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லலாம். எழுதி முடித்த இடத்துக்குக் கீழே உள்ள வெற்றிடத்தைக் கோடிட்டு அடைக்கச் சொல்லலாம். நகல் தர மறுத்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பயனாளிகள் பட்டியலில் விடுபட்ட பக்கத்துத் தெருக்காரருக்காகவும் சேர்த்துக் கேட்டால் இன்னும் நல்லது.

கேள்வி கேட்பதால் இழக்க அதிகமில்லாதவர்களே, அடுத்த கிராம சபையில் முதல் வரிசையில் போய் உட்காருங்கள். கூலிக்காரர் கேட்க அஞ்சும் கேள்வியை நீங்கள் கேளுங்கள்.