கொடுத்த வாக்கும் வரைந்த படமும்

தன் வரலாறு எழுதப் புகுகின்றவன் தன்னை மட்டும் எழுதிவிட முடியாது. பெற்றோர், உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணை ஆகியோரின் வாழ்வும் அவன் வாழ்வோடு பின்னிக் கிடக்கின்றது. அவற்றைப் பிறர் அறிய எடுத்துரைக்க அவனுக்கு உரிமை உண்டா? இவ்வினாவை என்னுள் எழுப்பியது ஒரு படக்கதை என்றால் அன்பர் சிலர் நகைக்கக்கூடும். படக்கதை என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுபவன் இரும்புக்கை மாயாவிதான். கல்லூரியில் பயிலும் என் மகள் கொணர்ந்து தந்த நூல் அவ்வகையைச் சேர்ந்ததன்று.

'மௌஸ்' என்பது அதன் பெயர். போலந்து நாட்டு யூதரான விளாடெக், ஹிட்லரின் ஆட்சியில் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் பட்ட துயரை, அவர் மகன் ஆர்ட் ஸ்பீகல்மேன் கேட்டுக் கேட்டு வரைந்தது. யூதர் எலிகளாகவும் ஜெர்மானியர் பூனைகளாகவும் வருகின்றனர். 1986இலும் 1991இலும் இரு பகுதிகளாக நூலுருப் பெற்று, 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசும் பெற்றது.

முகாமின் கொடுமைகளினும் என்னை அலைக்கழித்தது முதல் அத்தியாயத்தில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சி. திருமணத்திற்கு முன் தமக்கு ஒரு பெண்ணோடு இருந்த உறவைத் தந்தை சொல்கின்றார். சொல்லி முடித்ததும், இது அந்தரங்கம், இதை எழுதுவது மரியாதையன்று எனத் தடுக்கின்றார். எழுதினால்தான் கதைக்கு உயிர் வரும் என்று மகன் வாதாடுகின்றான். தந்தை இசையவில்லை. எழுதுவதில்லை என்று மகன் வாக்குக் கொடுக்கின்றான். அந்த உறவையும் அந்த வாக்கையும் சேர்த்தே நாம் அச்சில் காண்கின்றோம்! தந்தை 1982இல் மறைந்தார். அதன் பின்னரே நூல் வந்தது என்று அமைதி கூறவும் வழியில்லை. அவ்வத்தியாயம் 1980லேயே 'ரா' என்னும் இதழில் வெளிவந்துவிட்டது.

இது முறையா? அலுவலகம் செல்லும் பேருந்தில் பலநாள் எண்ணிப் பார்த்தேன். முறையன்று என்றே தோன்றுகின்றது. வாக்கு மீறியதை மறைக்காமல் காட்டினானே, அது நேர்மையன்றோ என்பர். குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு. அதற்கு ஈடுசெய்வது வேறு.

ஆனால் அந்நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. தாய் அன்யாவும் ஆஷ்விட்ஸிலிருந்து மீண்டவர். 1968இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மகன் வளர்ந்தபின் படிக்கவேண்டும் என்ற ஆசையோடு அவர் எழுதிவைத்த குறிப்பேடுகளைத் துயரம் தாளாத தந்தை எரித்துவிட்டார். சொல்லக்கூடாததைச் சொன்னவன் மகன். சொல்லவேண்டியதை அழித்தவர் தந்தை. கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தனாகையால் எனக்கு எரிந்த ஏடே பேரிழப்பாகத் தோன்றுகின்றது போலும்.

அலிசன் பெக்டெல் 2006இல் வெளியிட்ட 'ஃபன் ஹோம்' வேறு வகை. மறைந்த தந்தை ஆண்களோடு கொண்டிருந்த இரகசிய உறவுகளையும், பெண்களை விரும்பும் தம் இயல்பையும் அவர் ஒருங்கே வரைந்தார். அப்போது தாய் உயிரோடிருந்தார். ஆயினும் தந்தையின் இரகசியத்தை விலக்கிவிட்டுத் தாம் யார் என்பதை அவரால் சொல்லியிருக்க இயலாது. எந்த இரகசியம் இன்றி நம்மை நாமே அறிய முடியாதோ, அதில் நமக்கும் பங்குண்டு என்பேன். ஸ்பீகல்மேன் வெளியிட்ட பழைய உறவு அத்தகையதன்று.

இவ்வளவுகோலுக்கு என் வீட்டிலேயே சோதனை வந்துவிட்டது. 1970களில் ஊரை விட்டுத் தில்லிக்கு வந்த என் தந்தையின் கதையை மகள் வரைந்து வருகின்றாள். கரோல்பாகில் ஓர் அறையில் நால்வராகத் தங்கியது முதலிய செய்திகள் நான் அறிந்தவை. சென்ற மாதம் அவளிடம் ஏதோ ஒன்றைச் சொல்லி, "உன் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் அம்மா" என்றாராம். அதையும் அவள் வரைந்துவிட்டாள்; எனக்குக் காட்டவில்லை. "தாத்தாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் அப்பா" என்கின்றாள்.

அச்செய்தி என்னைப் பற்றியதா, அன்றா என்பதை அறியவே அதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஏடு கூடத்து அலமாரியில் இருக்கின்றது. அதற்குப் பூட்டில்லை. இன்றுவரை நான் பிரிக்கவில்லை.