சாபமா, வியாதியா?

 

திருமுக்கூடலில் நம்முடைய ஜெபக்கூட்டத்துக்கு வருகிற ஒரு நெசவுக் குடும்பம். தகப்பன் 38 வயதில் தறியைவிட்டு எழுந்தவர் அப்படியே விழுந்து மரித்தார். மூத்த மகன் 24 வயதில், கபடி ஆடிவிட்டு வந்து வாசலிலேயே விழுந்தான். தெருவில் செய்வினை என்றார்கள். நான் என்ன செய்தேன்? மூன்று நாள் உபவாசம் போட்டு, பரம்பரை சாபம் முறியட்டும் என்று தொண்டை கிழிய ஜெபித்தேன். அந்தத் தாய் மூலையில் உட்கார்ந்து, "ஐயா, நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

யோவான் 9-ல் பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இதைத்தானே கேட்டார்கள்? பாவம் செய்தவன் இவனா, பெற்றவர்களா என்று. ஆண்டவர் இரண்டையும் தள்ளிவிட்டார். பைபிள் காலேஜில் இதற்குப் பரீட்சை எழுதியவன்தான் நான்!

பிறகு இளைய தம்பிக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. சென்னைக்குக் கூட்டிப்போய் இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்தோம். இருதயச் சுவர் சாதாரணமாய் ஒரு சென்டிமீட்டர் கனம்தான் இருக்கும்; இந்த வியாதியில் ஒன்றரை சென்டிமீட்டரும் அதற்கு மேலும் தடித்துவிடும். இருதயத் துடிப்பு தாறுமாறானால் திடீர் மரணம். பெற்றவரில் ஒருவருக்கு இந்த மரபணுக் கோளாறு இருந்தால், பிள்ளை ஒவ்வொன்றுக்கும், ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு.

2009-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணியும் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜும் மற்றவர்களும் சேர்ந்து ஒன்றை வெளியிட்டார்கள். இருதயத் தசைக்குரிய ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட கோளாறு, நம் நாட்டில் நூற்றுக்கு 4 பேர் அளவில் இருக்கிறதாம். இருக்கிற எல்லாரும் விழுந்துவிடுவதில்லை, ஆபத்துதான் கூடுகிறது. அப்படியானால் 'சாபக் குடும்பம்' எது, சொல்லுங்கள்?

தம்பிக்குத் துடிப்பைத் தணிக்கிற மாத்திரை கொடுத்தார்கள். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு, துடிப்பு கெட்டால் ஷாக் கொடுத்துச் சீராக்கும் கருவியைத் தோளுக்குக் கீழே வைக்கிறார்கள். ஆனால் தம்பி ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, விசுவாசத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்றான். எனக்குப் பகீரென்றது. இந்த மாத்திரையைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து. "தம்பி, எசேக்கியா ராஜா ஜெபித்தான், ஆனாலும் ஏசாயா அத்திப்பழ அடை வைத்துக் கட்டச் சொன்னாரே! லூக்கா யார்? வைத்தியன்தானே" என்றேன். அன்றிரவே போட்டுக்கொண்டான்.

நம்ம ஊர் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டிலேயே இங்கே 15 படுக்கையோடு ஆதுலர் சாலை நடந்ததாம். வைத்தியர், அறுவை செய்பவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், மருந்துகளின் பெயர் எல்லாம் அதில் இருக்கிறது. அப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நாம் மாத்திரையைக் குப்பையில் போடுகிறோம்!

இன்னும் அவனுடைய அக்காள் இருக்கிறாள். வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகள். கூடப்பிறந்தவர்கள் எல்லாருமே எக்கோ எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியும், மாமியார் வீட்டுக்குத் தெரிந்தால் பேச்சு வரும் என்று பயந்து வரவில்லை. அவளுக்கு இருந்தால் பிள்ளைகளையும் பார்க்கவேண்டும். வருகிற வியாழக்கிழமை நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போகிறோம். மாமியாரிடம் நானே பேசுவேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.