பந்து எங்கே போயிற்று?

என் பாட்டாவுக்குப் பார்வை முற்றாகப் போய்ச் சில வருஷங்களாகின்றன. வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்களின் தமிழ் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த கிரிக்கெட் ரசனை அவருடையது. பார்வை இருந்த நாளிலேயே ஆட்டத்தைக் காதால் பார்த்தவர். இப்போது நாகர்கோவில் வீட்டில் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்து கேட்கிறார். ஐபிஎல் நடந்துகொண்டிருந்த ஓர் இரவு யாரோ சிக்ஸர் அடித்தார்கள். வர்ணனையாளர் ‘தரமான சம்பவம்’ என்று கத்தினார். இன்னொருவர் ‘வெறித்தனம்’ என்றார். இரைச்சல் அடங்கியதும் பாட்டா என் பக்கம் திரும்பி, ‘பந்து எங்க போச்சு பிள்ளே?’ என்றார்.

‘செம அடி பாட்டா.’

‘அது செரி. எங்க போச்சு?’

நான் கவனித்திருக்கவில்லை.

2008 முதல் 2012 வரை ஐபிஎல்லில் சிக்ஸருக்கு ‘டிஎல்எஃப் மேக்ஸிமம்’ என்று பெயர். அது விலைக்கு விற்ற சொல். யாரும் அதை உணர்ச்சி என்று எண்ணி ஏமாறவில்லை. ‘தரமான சம்பவம்’ அப்படியல்ல. 2019இல் வந்த ‘பேட்ட’ படத்தின் வசனத்திலிருந்து இறங்கிய இச்சொல், சிக்ஸருக்கும் ரன் அவுட்டுக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறது. பந்து வீசப்படும் முன்பே தயாராக இருக்கிறது. ஆனால் கண்ட கணத்தில் பிறந்ததுபோலக் கூவுகிறது. எனக்கு எரிச்சல் தருவது அதன் கொச்சை அல்ல, இந்தப் பொய்சாட்சிதான்.

துஷ்டி கேட்கப் போகிறவனும் பழகிய சொற்களைத்தான் சொல்கிறான். அதில் தவறில்லை. அவை புதிதாக எதையும் கண்டுவிட்டதாகப் பாவனை செய்வதில்லை. துக்கத்தின் முன் ஒதுங்கி நிற்கும் அடக்கம் அவற்றுக்கு உண்டு.

தொலைக்காட்சியில் படம் இருக்கும்போது வர்ணனை எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். படத்தோடு சேர்க்க ஏதாவது இருந்தால் மட்டும் பேசுவது ரிச்சி பெனோவின் வழக்கம். சேர்க்க ஒன்றும் இல்லாத இடத்தில் மௌனமே நேர்மை. தயார்ச் சொல், மௌனத்தின் இடத்தையும் பார்வையின் இடத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது. கேட்பவனும் நாளடைவில் பார்ப்பதை விட்டுவிடுகிறான். கண்ணுள்ள நான் பந்தைத் தவறவிட்டது அப்படித்தான்.

பாங்கில் நிரப்பாத கட்டத்தோடு ஒரு படிவம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எழுத்தில் அந்தக் கறார் என்னிடம் இல்லை. மறுநாள், ஒரு கவிதைத் தொகுப்புக்கு எழுதி வைத்திருந்த மதிப்புரையை எடுத்துப் பார்த்தேன். ‘முக்கியமான வரவு’, ‘நவீன மனத்தின் நெருக்கடி’, ‘வேறொரு தளத்துக்கு நகர்கிறது’ என்றெல்லாம் எழுதியிருந்தேன். நமது வட்டத்துக்கும் தரமான சம்பவங்கள் உண்டு. தொகுப்பைப் பார்த்திராத ஒரு வாசகன் அந்த மதிப்புரையைப் படித்துவிட்டுப் பாட்டாவின் கேள்வியைக் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

மூன்று வரிகளையும் அடித்துவிட்டேன். அந்த இடத்தில் எழுத இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. தொகுப்பை மறுபடி முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன்.