காவற் கோபுரங்கள் யாருடையவை?

வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ கோட்டைக்குச் செல்பவர் அங்கே கோட்டை எதனையும் காண்பதில்லை. ஒல்லாந்தர் வலுப்படுத்திய, 1796இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய அரண்களை 1869ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேயரே இடித்து அகற்றினர். வணிகம் பெருகியது, மதில் இடையூறாயிற்று. கட்டடங்களுக்கிடையே ஒடுங்கி நிற்கும் டெல்ஃப் வாயில் போன்ற சில எச்சங்களே மிஞ்சின. கட்டியபோதும் இடித்தபோதும் இந்நாட்டு மக்களின் கருத்து வினவப்படவில்லை. எஞ்சியவற்றைக் காப்பதா கைவிடுவதா என்ற வினா மட்டும் இன்றைய தலைமுறையிடம் வந்து சேர்ந்துள்ளது.

இவ்வினாவின் சிக்கலை அம்பாந்தோட்டைக் கோபுரம் நன்கு காட்டுகின்றது. 1794இல் கோர்சிகாத் தீவின் மோர்ட்டெல்லா முனையில் சிறியதொரு வட்டக் கோபுரம் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இரண்டின் தாக்குதலைத் தாங்கி நின்றது. வியப்புற்ற ஆங்கிலேயர் அப்பெயரைச் சற்றுத் திரித்து மார்ட்டெல்லோ என வழங்கி, நெப்போலியனின் படையெடுப்புக்கு அஞ்சி, 1805 முதல் 1812 வரையில் தமது தென், கீழ்க் கரைகளில் 103 கோபுரங்களைக் கட்டினர். படையெடுப்பு நிகழவேயில்லை. (டப்ளினுக்கு அண்மையிலுள்ள இவ்வகைக் கோபுரமொன்று, பீரங்கியாற் பெறாத புகழை ஜேம்ஸ் ஜோய்சின் நாவலாற் பெற்றது.) அம்பாந்தோட்டையிலும் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகையதொரு கோபுரம் எழுந்தது. ஆயின் 1803இல் அவ்வூரின் பிரித்தானியக் காவல்நிலையைத் தாக்கியவர்கள் கடல்வழி வந்த பிரெஞ்சுக்காரர் அல்லர். தரைவழி வந்த கண்டி அரசின் படையினரே.

ஆகவே 'காவல்' என்னும் சொல்லே ஐயத்துக்குரியதாகின்றது. யாருக்குக் காவல்? யாரிடமிருந்து காவல்? இங்கிலாந்தில் கோபுரத்தை எழுப்பியவரும் அதனாற் காக்கப்படவேண்டியவரும் ஒரே மக்கள். இங்கோ காக்கப்பட்டது ஆட்சி, மக்கள் அல்லர். அடிமைச் சின்னம் அழியட்டும் என்போர் கூற்றில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு. யாழ்ப்பாணக் கோட்டையை நோக்குமிடத்து அது மேலும் வலுப்பெறும். 1990ஆம் ஆண்டு முற்றுகையையும், அதனுள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயத்தின் அழிவையும் கண்ட ஊரவரிடம் அம்மதிலைப் போற்றுக எனக் கூறுதல் எளிதன்று.

எனினும் போற்றுதல் வேறு, பேணுதல் வேறு. யாழ்ப்பாணக் கோட்டையின் முருகைக்கற்களைச் சுமந்தோர் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஊழியம் என்ற பெயரில் ஊதியமின்றி உழைப்பு வாங்கப்பட்ட காலம் அது. தேசாதிபதிகள் தம் அறிக்கைகளை விட்டுச் சென்றனர். சுமந்தோர் விட்டுச் சென்றது சுவர் ஒன்றே. அச்சுவரும் போய்விடின் ஆண்டவன் சொன்ன கதை மட்டுமே எஞ்சும். ஆளப்பட்டவனுக்குச் சாட்சி இராது.

இடித்தால் மட்டுமே சாட்சி அழியும் என்பதுமில்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட கடலிலே நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையில், 1971 கிளர்ச்சியோடு தொடர்புடையோர் சிறைவைக்கப்பட்டனர். பிற்காலத்தில் அது கடற்படையினர் நடத்தும் உல்லாச விடுதியாயிற்று. கல் பெயரவில்லை, ஆனால் அங்கே இரவைக் கழிக்க வருபவர் கைதிகளை நினைக்கவேண்டிய தேவை ஏதும் இல்லை. இதனைப் பேணுதல் என்று கொள்வது கடினம்.

அம்பாந்தோட்டைக் கோபுரம் மீன்பிடித் தொழில் பற்றிய அருங்காட்சியகமாகப் பயன்பட்டமை இதனினும் மேலானது. அக்கரையில் உழைத்தவரின் வலையும் தோணியும் அதனுள் இடம்பெறத் தகுந்தவை. செலவு பற்றிய தடை மட்டும் எஞ்சுகின்றது. 2004 டிசம்பர் 26 அன்று அவ்வூருக்குக் கடலிலிருந்து வந்தது பகைவர் கப்பல் அன்று, ஆழிப்பேரலை. அத்தகைய வேளையில் கோபுரத்தின் சுண்ணச்சாந்துக்கு முன் மீனவர் வீட்டுக் கூரைக்கே பணம் செல்லவேண்டும். கூரை வேய்ந்த பின்னர் கோபுரத்தின் முறையும் வரவேண்டும்.