ஏரிக்கொடையும் அறமும்

வடமொழி அறநூல்கள் நற்செயலை இட்டம், பூர்த்தம் என இரண்டாகப் பிரிக்கின்றன. வேள்வி முதலானவை இட்டம். கிணறு, குளம் வெட்டுவதும் சோலை வளர்ப்பதும் பூர்த்தம். நீரும் நிழலும் தருவது வழிபாட்டோடு சேர்த்து எண்ணப்பட்டது.

அந்த அறம் எப்போது நிறைவேறுகிறது? தமிழகக் கல்வெட்டுகள் இதற்கு ஆழமான விடை தருகின்றன. ஏரி வெட்டியதோடு வேலை முடிவதில்லை. ஆண்டுதோறும் வண்டல் படியும், கரை கரையும், மதகு பழுதாகும். அதனால் தூர் வாரவும் கரைக்கு மண் இடவும் கொடையாளர்கள் பொன்னும் நிலமும் விட்டார்கள். பொன்னை ஊர்ச் சபை முதலாக வைத்துக்கொண்டு வட்டியில் பணி நடத்தியது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்தை, குடத்தில் பெயர் எழுதிய ஓலைகளை இட்டு எடுக்கும் குடவோலையில் தேர்ந்தெடுத்த முறையை விவரிக்கிறது.

இந்த அறத்தைக் காப்பவரின் பாதம் தன் தலைமேல் என்று கொடையாளர் சொல்வதாகவே பல கொடைக் கல்வெட்டுகள் முடிகின்றன. இனிமேல் பிறக்கப்போகும், பெயர் தெரியாத ஒருவர் முன் கொடுத்தவர் தலை வணங்குகிறார். இயற்கைக்குக் கொடுப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான மனநிலை இல்லை.

இன்று கொடை சட்டத்திலும் இடம்பெறுகிறது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது; சுற்றுச்சூழல் காப்பும் அதில் அடங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓர் ஏரியின் நீரைக் கெடுத்த ஆலையே அதைத் தூர் வாரினால் அது கடன் தீர்ப்பது, கொடையாகாது. கொடுப்பவர் எவராயினும், அடுத்த தலைமுறைவரை ஏரியை யார் பராமரிப்பது, எந்தப் பணத்தில் என்பதையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும்.