அணைந்த விளக்கின் முனையை யார் பிடிப்பது?

ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்கு ஆபத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மருந்தை எப்படி அள்ள வேண்டும், எப்படி அள்ளக் கூடாது என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்ததை எவரும் மறக்கவில்லை. சத்தம் போட்டு வரும் ஆபத்துக்கு நாம் அஞ்சுகிறோம். சத்தமில்லாத ஆபத்தையோ காகிதத்தில் கூடச் சுற்றாமல் தெருக் குப்பையில் எறிந்துவிடுகிறோம். எரிந்துபோன டியூப் லைட்டைத்தான் சொல்கிறோம்.

பழைய குண்டு பல்பில் இருப்பது கண்ணாடியும் கம்பியும். கையைக் கிழிக்கும், அவ்வளவே. டியூப் லைட்டும் சி.எப்.எல். பல்பும் அப்படியல்ல, அவற்றுள் பாதரசம் உண்டு. சி.எப்.எல். ஒன்றில் பெரும்பாலும் 5 மில்லிகிராமுக்குள்தான் இருக்கும். ஆனால் உடைந்தால் அது ஆவியாகி மூச்சில் கலக்கும். மண்ணில் தங்கியது மழையோடு கண்மாய்க்குப் போகும். அங்கிருந்து மீனில் சேரும். நரம்பையும் கருவிலிருக்கும் சிசுவையும் தாக்கக்கூடிய நஞ்சு அது. ஒரு பல்பு உடைந்தால் குடும்பமே அழியும் என்று பயமுறுத்த நாம் வரவில்லை. ஊர் முழுவதும் எறிகிற பல்புகள் ஒரே குப்பைமேட்டில் நொறுங்குகின்றனவே, அதுதான் கவலை.

பாதரசம் பட்ட கண்ணாடியை அலட்சியமாக விட்டால் என்னாகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் செய்த தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடி, 2001-இல் ஊருக்குள்ளிருந்த பழைய சாமான் கடையில் கிடந்தது தெரிய வந்தது. அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. அங்கு வேலை பார்த்த 591 பேருக்காக உடன்பாடு ஏற்பட 2016 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அம்புகளுடன் பள்ளிவாசல் வழியாகவோ கடைவீதி வழியாகவோ செல்பவர், பிறர் மீது படாதபடி அவற்றின் முனைகளைத் தம் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்த ஹதீஸ் உண்டு. எதிரே வருகிறவர் ஒதுங்கிப் போகட்டும் என்று சொல்லப்படவில்லை. அம்புக்குரியவர்தான் முனையைப் பிடிக்க வேண்டும். பல்பை வாங்கியவர் நாம். அதன் வெளிச்சத்தில் ஓதியவர், உண்டவர் நாம். காலையில் குப்பை அள்ள வரும் அந்தச் சகோதரியா முனையைப் பிடிப்பது? அவர் எந்த மார்க்கத்தவர் என்ற கேள்வியே இதில் இல்லை.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் அல்ல. புது பல்பு வந்த அட்டையிலேயே பழையதை வைத்து, மற்றக் குப்பையோடு கலக்காமல், இன்னதென்று சொல்லிக் கையில் கொடுக்க வேண்டும். கையிலேயே உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியேற்றி, கால் மணி நேரம் கழித்து உள்ளே வர வேண்டும். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தூள் பறக்கும். கெட்டி அட்டையால் வாரி, ஈரத் துணியால் துடைத்து, துணியையும் சேர்த்து மூடியுள்ள பாட்டிலில் போட்டுவிடலாம். எல்.இ.டி. பல்பில் பாதரசம் இல்லை. ஆனால் அதுவும் மின்னணுக் கழிவுதான், தனியே சேர வேண்டியது.

2016-ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளிலேயே பாதரச விளக்குகளும் சேர்க்கப்பட்டு, திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளர் மீது வைக்கப்பட்டது. ஆனால் ஒற்றைப் பல்பைத் தூக்கிக்கொண்டு யார் நகரத்துக்குப் போவார்? மஹல்லா முழுவதற்கும் பள்ளிவாசலில் ஒரு பெட்டி இருந்தால், நிறைந்ததும் நிர்வாகிகள் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்த்துவிடலாம். ரமலானுக்கு முன் வெள்ளையடிக்கும்போது பள்ளியின் பழைய டியூப்களும் இறங்கும். அவற்றைக் கொண்டே அந்தப் பெட்டியைத் தொடங்கலாம். மழை படாத, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.