எதைக் காணப் புறப்படுகிறோம்?

புதுவையில் ஒரு படிப்பகம். மாலை நேரம். நாளிதழ்களை மடித்து வைத்தாயிற்று. மேசைமீது ஒரு தாள் விரிந்து கிடந்தது. நான்கு நாள் விடுமுறை, ஐந்து இளைஞர்கள், சுற்றுலாவுக்குத் திட்டம் வகுத்துக்கொண்டிருந்தனர். சிதம்பரம், கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சை. பிறகு பொள்ளாச்சி வழியே ஆழியாறு. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை. நாள் மிஞ்சினால் மூணாறு. கோயில், மலை, தேயிலைத் தோட்டம் — யார் திட்டமிட்டாலும் வருகிற பட்டியல்தான்.

நால்வர் ஒப்பினர். ஐந்தாமவர் எழுதுகோலை எடுத்தார்; முதல் மூன்று ஊர்களின்மீதும் ஒரு கோடு கிழித்தார். "பகுத்தறிவு பேசுகிற நாம், நம் பாட்டனை வாசலிலே நிறுத்திய இடத்துக்குக் காசு கொடுத்து வண்டி பிடித்துப் போவதா? நேரே மலைக்குப் போவோம். மலைக்குச் சாதி இல்லை; தேயிலைக்குத் தீட்டு இல்லை!" என்றார்.

கைதட்டல் எழுந்திருக்கும். மூலையில் இதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் — நெடுங்காலம் பஞ்சாலையில் உழைத்துக் காய்த்துப்போன கை அவர் கை — தலை நிமிராமலே கேட்டார்: "கோயிலை அடித்துவிட்டாய், தம்பி, சரி. தேயிலையை ஏன் விட்டு வைத்தாய்?"

அன்று விடை கிடைக்கவில்லை. வண்டி பேசுவதும் தள்ளிப்போயிற்று. அந்தக் கேள்வியைத்தான், தோழர்களே, உங்கள்முன் வைக்கிறேன். அநீதியின் கறை படிந்த இடத்தை அழகென்று காணச் செல்வது அறமாகுமா? கறைக்காக ஒதுக்குவதென்று தொடங்கினால், ஒதுக்காமல் எஞ்சும் இடம்தான் எது?

கோடு கிழித்த தோழரின் சினத்தைச் சிறிதென்று தள்ளிவிடாதீர்கள். அதற்கு வரலாறு இருக்கிறது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் கால் வைக்க 1939 சூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவை உரிமையாக்கிய சட்டம் 1947இல் வந்தது. அதோடு முடிந்ததா? தில்லை நடராசர் கோயிலின் சிற்றம்பல மேடையேறித் தேவாரம் பாட ஓர் ஓதுவார் முயன்றார். பாட்டு தமிழ்ப் பாட்டு, பாடவந்தவர் சைவர், கோயிலோ சிவன் கோயில்! ஆயினும் 2008 மார்ச் 2 அன்று, அரசாணையை ஏந்தி, காவலர் புடைசூழத்தான் அவர் பாட முடிந்தது. பக்தனுக்கே இந்த நிலையென்றால், பகுத்தறிவாளன் ஏன் போக வேண்டும் என்று தோழர் கேட்பதில் தவறில்லை.

ஆனால் போகாமலிருந்தால் நாம் இழப்பது எதை என்று எண்ணிப் பாருங்கள். சாமியையா? அல்ல. சான்றை!

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசராசன் 1010இல் கட்டி முடித்தது. அங்கே அண்ணாந்து பார்க்கச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. விமானத்தின் நிழல் தரையிலே விழாது என்று கதை சொல்லவும் ஆள் உண்டு. வெயிலில் ஐந்து நிமிடம் நின்றவன் அறிவான், அது பொய் என்று. நீங்கள் அண்ணாந்து பார்த்ததும், சற்றே குனிந்தும் பாருங்கள். அடித்தளத்துக் கல்லிலே வரிவரியாக எழுத்து. மந்திரம் அன்று, கணக்கு! யார் எவ்வளவு பொன் தந்தார், எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்ற கணக்கு. குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனின் பெயர் அங்கே இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து தளிச்சேரியில் குடியமர்த்தப்பட்ட நானூறு ஆடல் மகளிரின் பெயரும் இருக்கிறது. அவரவர் குடியிருந்த தெருவும் வீட்டு வரிசையும்கூட இருக்கின்றன. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பதும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்களில் எவரேனும் விரும்பி வந்தாரா என்பது மட்டும் இல்லை.

இன்னும் ஒன்றும் உண்டு. கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைச் சொல்லுமிடத்தில், குளம், சுடுகாடு என்பவற்றோடு, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் சொற்களும் கல்லிலே நிற்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தீண்டாமை ஊர்க்கணக்கில் ஏறிவிட்டது! 'அப்படியொரு கொடுமை நம் மண்ணில் இருந்ததே இல்லை. அயலான் கட்டிவிட்ட கதை' என்று பேசுவோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடை நம் துண்டறிக்கையில் இல்லை. அரசன் ஆணையிட்டு வெட்டிய கல்லிலேயே இருக்கிறது. அந்தக் கல்லைச் சுமந்து ஏற்றிய தோள்களின் பெயர்களோ, சுவர் முழுதும் தேடினாலும் கிடைக்கமாட்டா.

கும்பிட வந்தவர் கண்ணை மூடிக்கொள்கிறார். கோடு கிழித்தவரும் கண்ணை மூடிக்கொண்டால், பிறகு யார்தான் பார்ப்பது?

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். தேயிலைக்குத் தீட்டு இல்லையா?

பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் என்று எழுதாத பயணக் கட்டுரை அரிது. கம்பளத்தை விரித்தவர் யார் என்று எழுதிய கட்டுரை அதைவிட அரிது. தேயிலை இயல்பிலே மரம். அதன் போக்கில் விட்டுவிட்டால் ஆள் உயரத்தைத் தாண்டி ஓங்கி வளரும். அதைக் கவாத்து செய்து, கவாத்து செய்து, இடுப்பளவிலே நிறுத்தி வைத்திருக்கிறார்களே, ஏன்? நின்றபடி ஒரு பெண்ணின் கை எட்டிக் கொழுந்து கிள்ள வேண்டும் என்பதற்காக! மலைச்சரிவு முழுதும் சீவிவிட்டாற்போல் ஒரே மட்டமாகத் தெரிகிறதே, அந்த மட்டம் ஒரு தொழிலாளியின் இடுப்புயரம். இயற்கையின் எழில் என்று நாம் வியந்து நிற்பது உண்மையில் உழைப்பின் அளவுகோல். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளி, நான்கு கிலோவுக்குமேல் பசுங்கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள்.

இந்த வேலைக்கு ஆள் வந்தது எப்படி? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆனைமலைக் காட்டைத் திருத்தத் தொடங்கினர் வெள்ளைத் துரைமார். மேஸ்திரி ஊருக்கு வந்தான். பட்டினியில் வாடியவனிடம் முன்பணம் நீட்டினான். வாங்கியவன் தோட்டத்தைவிட்டு ஓடினால் சிறைக்கு அனுப்ப 1859ஆம் ஆண்டுச் சட்டம் துணை நின்றது. மலைக்காய்ச்சலோ சிறையைவிட விரைந்து வந்தது. தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல், அந்த வாழ்வை 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் அதன் பெயர் 'எரியும் பனிக்காடு'. மலையேறுமுன் அதைப் படித்துவிட்டு ஏறுங்கள். பனி வேறாகத் தெரியும்.

மலையேறியவர் யார்? பெரும்பாலும் ஊரின் கடைக்கோடியில், சேரியில் ஒதுக்கப்பட்டிருந்தவர். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட அதே பாட்டன்தான், தோழர்களே, காட்டு வாசலில் உள்ளே தள்ளப்பட்டான்! மலைக்குச் சாதி இல்லை என்றாரே நண்பர். கோயிலின் கறையும் தோட்டத்தின் கறையும் ஒரே உடம்பிலிருந்து வடிந்தவை என்பதை அவர் அறியவில்லை.

நம் புதுவைக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. 1848இல் பிரெஞ்சு அரசு தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது. அடிமை போனான், கரும்பு போகவில்லை. ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுவைத் துறையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். மாலைக் காற்று வாங்க நாம் சென்று நிற்கிறோமே, அந்தக் கடல்வழியேதான்!

'இவையெல்லாம் பழங்கதை' என்பீரானால், இந்த நூற்றாண்டுக்கு வாருங்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் தெருவில் அமர்ந்தனர். இருபது விழுக்காடாயிருந்த போனஸ் பத்தாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்தனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுங்கியிருக்கச் சொல்லிவிட்டுத் தாங்களே போராடி, போனசை மீட்டனர். அதே மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில், 2020 ஆகஸ்டு 6 இரவு மலை சரிந்தது. லயன் வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த எழுபது பேர் மண்ணுக்குள் போயினர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மூணாற்றுக்கு விடுமுறைக்குச் சென்று வந்தவர்களில் எத்தனை பேர் அந்தச் செய்தி வந்த நாளில், 'லயன் வீடு என்றால் என்ன?' என்று கேட்டிருப்பார்கள்!

இங்கே ஒரு மறுப்பு எழும். 'ஓய்வுக்காகப் போகிறோம், ஐயா, ஒப்பாரிக்கா?' நேர்மையான கேள்வி. ஓய்வு தவறன்று, மகிழ்ச்சி தவறன்று. ஆனால் ஓய்வு எங்கிருந்து வந்தது? 1936 சூலை 30 அன்று இதே புதுவையில், உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டது. பன்னிருவர் மாண்டனர். அதன் பின்னரே, 1937இல், பிரெஞ்சு இந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. விடுமுறைநாள் வானத்திலிருந்து விழவில்லை. ஆலை வாயிலில் விழுந்தவர்கள் வாங்கித் தந்தது. பிறர் உழைப்பும் உயிரும் ஈந்த ஓய்வை எடுத்துக்கொண்டு, பிறர் உழைப்பைப் பாராமலே திரும்பி வருவது, உண்ட வீட்டில் உலை வைத்தவரை மறப்பதாகும்.

நாமும் பிறர் காண வருகிற ஊர்க்காரர்கள்தாமே? வருவோர் மஞ்சள் சுவரைப் படம் பிடிக்கிறார்கள், காகிதப்பூக் கொடியைப் படம் பிடிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் நகரம் என்றும் மேற்கே கறுப்பர் நகரம் என்றும் ஊரைப் பிளந்தவர் யார் என்று கேட்பதில்லை. ஆலை வாயிலில் வீழ்ந்த பன்னிருவரைக் கேட்பதில்லை. அவர்கள்மேல் நமக்கு ஒரு வருத்தம் எழுகிறதல்லவா? கூடை சுமந்து நிற்கும் பெண்ணுக்கு நம்மேல் அதே வருத்தம் எழாதா?

மற்றொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. 'பார்த்துவிட்டால் மட்டும் அவர் கூலி உயர்ந்துவிடுமா?' உயராது. ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொள்வோம். பார்வை சோறு போடாது. இரக்கத்தோடு பார்ப்பதாலேயே நாம் நல்லவர்களாகிவிடவும் மாட்டோம். அந்த மயக்கம் திருநீறு பூசியதும் பாவம் போயிற்று என்று எண்ணுகிற மயக்கத்துக்கு உடன்பிறப்பு. ஆனால் பாராமை வேறு ஒருவருக்குச் சோறு போடுகிறது. சுவரில் உள்ள சொல்லை எவரும் படிக்காதவரை, புனைகதை விலைபோகும். லயன் வீட்டின் கூரையை எவரும் ஏறிட்டுப் பாராதவரை, பழுது பார்க்க வேண்டியவர் பணம் மிச்சம் பிடிப்பார். அறிந்தவன் உடனே உதவாமல் போகலாம். அவனை ஏய்ப்பது கடினம். அறிந்தவர் தொகை பெருகினால், ஆள்வோர்க்கும் ஆலை முதலாளிக்கும் தோட்ட முதலாளிக்கும் விடை சொல்லும் கடமை பெருகும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பார்க்கிறோம் என்று சொல்லி மனிதரைக் காட்சிப் பொருளாக்கிவிடாதீர்கள். கொழுந்து கிள்ளும் அம்மையாரைக் கேளாமல் படம் எடுக்காதீர்கள்; அவர் நிறை பார்த்துக் கூலி பெறுகிறவர், நமக்காக நிற்கும் நேரம் அவருடைய வருவாய். பேச விரும்பினால் அமர்ந்து கேளுங்கள். விரும்பாவிட்டால் வணங்கி விலகுங்கள். அவர் காட்சியின் ஓரத்தில் நிற்பவர் அல்லர், காட்சியை ஆக்கியவர்.

அடுத்த கிழமை அதே படிப்பகத்தில் அதே தாள் மீண்டும் விரிந்தது. கிழித்த கோட்டை எவரும் அழிக்கவில்லை; அந்தச் சினமும் பட்டியலில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டனர். ஒவ்வோர் ஊருக்கும் எதிரே ஒரு கேள்வி எழுதினர். சிதம்பரம் — யார் பாடக் கூடாதிருந்தது? தஞ்சை — யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை? வால்பாறை — இந்த மட்டம் யார் இடுப்பளவு? மூணாறு — யார் எந்தக் கூரையின்கீழ் உறங்கினர்? கோடு கிழித்தவரே எழுதுகோலை வாங்கி, எல்லாவற்றுக்கும் மேலே, முதல் இடமாக ஒன்றைச் சேர்த்தார்: புதுவை, ஆலை வாயில்.

பெரியவர் தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முழுவதும் படித்தார். "இப்போது வண்டி பேசுங்கள்" என்றார்.